இறங்காமல் மேலே போன விமானம்

எங்கள் பெரிய பெண் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குக் கவரைப்பேட்டைக்கு அழைத்து வர வேண்டும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர இடுப்பு தாங்காது என்று மாப்பிள்ளை விமான டிக்கெட் எடுத்துவிட்டார். டாக்டரம்மாவும் பரிசோதித்துவிட்டு, "தாராளமாகப் போகலாம்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மாதம். காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இவர் காரை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் போயிருந்தார். நான் வத்தக்குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இறங்க வேண்டிய நேரம் தாண்டி முக்கால் மணி கழித்துத்தான் போன் வந்தது. பெண்ணின் குரலில் நடுக்கம்.

"அம்மா, கீழே வந்துட்டோம்மா. ரன்வே விளக்கெல்லாம் தெரிஞ்சுது. இதோ தொடப்போகுதுன்னு நினைச்சப்ப, என்ஜின் பயங்கரமா சத்தம் போட்டு அப்படியே மேலே தூக்கிட்டாங்க. வயிறு கலங்கிப் போச்சு. ஒருத்தர் எழுந்து நின்னு, 'விமானம் ஓட்டத் தெரியாதா?'ன்னு பணிப்பெண்ணைத் திட்டினார். ஒரு சுத்து சுத்தி வந்து அப்புறம்தான் இறக்கினாங்க."

குழந்தை அசைகிறதா, வலி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே, "அப்பவே சொன்னேன், ரயில்ல வரச் சொல்லுன்னு. யார் கேட்டீங்க?" என்றார்.

"அத்தை, நம்ம ஊர் ரயில் கதை மறந்துபோச்சா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

எங்கள் ஊரில் நடந்தது

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை இரவு. மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காத வண்டி. மெயின் லைனில் நேரே போகப் பச்சை விளக்கு விழுந்திருந்தது. ஆனால் வண்டி லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த கூட்ஸ் வண்டியின்மேல் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு பெட்டி தீப்பிடித்தது. பலருக்குக் காயம். ஆனால் தெய்வாதீனமாக ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. ஒரு பாதையில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதை யார், எப்படிக் காக்கிறார்கள்? தண்டவாளத்துக்காவது இரும்பு இருக்கிறது, கைகாட்டி இருக்கிறது. ஆகாயத்தில் என்ன இருக்கிறது?

வளைகாப்புக்கு வந்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் இதைக் கேட்டேன். விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி சொல்ல ஆரம்பித்தார். பெண்ணைத் திட்டி அனுப்பிய அந்தப் பிரயாணியும் கூட இருந்து கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

வார்த்தைதான் டோக்கன்

"சின்ன வயசில மீட்டர் கேஜ் வண்டியில போயிருக்கியே, ஞாபகம் இருக்கா? ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய பிரம்பு வளையத்தை டிரைவர் கையில் கொடுப்பாரே?" என்று கேட்டார் அண்ணா.

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வளையத்தில் கோத்த பையில் டோக்கன் இருக்கும். ஒற்றைப் பாதையில், டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிதான் போகலாம். இரண்டு டிரைவரிடம் ஒரே சமயத்தில் அது இருக்க முடியாது.

"ரன்வேயும் ஒத்தைப் பாதைதான். ஆனா கையில கொடுக்க டோக்கன் கிடையாதும்மா. அங்கே வார்த்தைதான் டோக்கன்."

கோபுரத்தில் இருப்பவர் ரேடியோவில், "இறங்கலாம்" என்று சொல்கிறார். விமானி அதை, எந்த ஓடுபாதை என்பதையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரத்தில் இருப்பவர் அதைக் காதில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் அந்தக் கணமே திருத்த வேண்டும். பால்காரரிடம், "நாளைக்கு ரெண்டு லிட்டர்" என்றால் அவர், "ரெண்டு லிட்டர்" என்று திருப்பிச் சொல்கிறாரே, அதைப்போலத்தான். நம் வீட்டில் தவறினால் காபிக்குப் பால் போதாது. அங்கே தவறினால் நூற்றுக்கணக்கான உயிர்.

ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதும் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து ஊர்ந்து வரும்போது ஒருவர் வழி சொல்கிறார். ஓடுபாதைக்குள் நுழைய, எழும்ப, இறங்க அனுமதி தருபவர் இன்னொருவர். தூரத்திலிருந்து வருகிற விமானங்களை ரேடாரில் பார்த்து வரிசைப்படுத்துபவர் வேறொருவர். ஒருவரிடமிருந்து இன்னொருவர் கைக்கு விமானம் மாறிக்கொண்டே வரும். பெரிய விமானத்தின் பின்னால் காற்றுச் சுழல் கிளம்பும் என்பதால், அடுத்து வரும் சிறிய விமானத்துக்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

நம் சென்னை நிலையத்தில் இன்னொரு விசேஷம். அங்கே இரண்டு ஓடுபாதைகள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. பெரியது 3,600 மீட்டருக்கும் மேல் நீளம். சிறியது பாலம் வழியாக அடையாற்றைக் கடந்து போகிறது. வெட்டும் இடத்தில் இரண்டு விமானங்கள் ஒரே நேரத்துக்கு வரக் கூடாது என்பதையும் கோபுரம் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு சொல் பிசகினால்

"வார்த்தை பிசகினா என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டேன். அவர் மூன்று சம்பவங்களைச் சொன்னார்.

முதலாவது, 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. ஒரே பனிமூட்டம். ஓடுபாதையில் ஒரு ஜம்போ விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மறுமுனையில் இன்னொரு ஜம்போ, எழும்ப அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கிவிட்டது. கோபுரம் ரேடியோவில் சொன்னதும், எதிர் விமானம் சொன்னதும் ஒரே சமயத்தில் மோதி, ஓடத் தொடங்கிய விமானத்தில் கீச்சென்ற சத்தமாகத்தான் கேட்டன. அதில் இருந்த என்ஜினீயர், அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று சந்தேகமாகக் கேட்டார். தலைமை விமானி போய்விட்டது என்று சொல்லிவிட்டார். 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இதுவரை அதிக உயிர் கொண்டுபோனது இதுதான். அதற்குப் பிறகுதான், உண்மையில் அனுமதி கொடுக்கும்போது தவிர மற்ற நேரத்தில் 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே ரேடியோவில் உச்சரிக்கக் கூடாது என்று விதி வந்தது.

இரண்டாவது, நம் நாட்டில் 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டில்லியிலிருந்து எழும்பிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை அனுமதி. டில்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். அது அங்கே நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. ஆகாயத்திலேயே இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான், எதிரே விமானம் வந்தால் விமானியை எச்சரிக்கும் கருவி இந்தியாவில் பறக்கும் பயணி விமானங்களுக்குக் கட்டாயமானது.

மூன்றாவது, 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேதா. நிலநடுக்க நிவாரணப் பொருளுடன் ஒரு கடலோரக் காவல் விமானம் காத்திருந்தது. ஓடுபாதைக்கு வெளியே கோட்டில் வந்து நில், வரிசையில் நீதான் முதல் என்று கோபுரத்திலிருந்து சொன்னார்கள். "முதல்" என்ற சொல்லை உள்ளே போகலாம் என்று எடுத்துக்கொண்டு விமானம் ஓடுபாதைக்குள் போய் நின்றுவிட்டது. கோபுரத்துத் திரையில் எச்சரிக்கை வந்தும் கவனிக்கவில்லை. அப்போது இறங்கிய பெரிய விமானம் அதன்மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் பிழைத்தார்கள்.

எப்படிப் பிழைத்தார்கள் தெரியுமா? பணிப்பெண்கள் சொன்னதைக் கேட்டார்கள். மேலே வைத்த பெட்டியை எடுக்கக் கை நீட்டாமல் வரிசையாக இறங்கினார்கள். அதற்கப்புறம் ஹனேதாவில் அந்தத் திரையைப் பார்ப்பதற்கென்றே தனி ஆள் போட்டார்கள்.

நம் மும்பையிலும் 2024 ஜூன் 8-ந் தேதி ஒரு விமானம் எழும்ப ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் இன்னொன்று அதே ஓடுபாதையில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணை வைத்து, சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டு அதிகாரியைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

மேலே போவது தவறு அல்ல

"இப்ப சொல்லு, உன் பொண்ணு வந்த விமானம் மேலே போனது தப்பா?" என்றார் அண்ணா.

முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதமாகலாம். குறுக்கே பறவையோ நாயோ வரலாம். காற்று திடீரென்று திசை மாறலாம். மழையில் ஓடுபாதை தெரியாமல் போகலாம். வேகம் கூடியிருக்கலாம், உயரம் தப்பியிருக்கலாம். அப்போது கோபுரமும் மேலே போகச் சொல்லலாம், விமானியே தீர்மானித்தும் போகலாம். இதற்கென்று எரிபொருளும் கணக்குப் பண்ணித்தான் போடுகிறார்கள். இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தால் அதற்கு, அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிட.

மேகத்துக்குள் வரும்போது 1,000 அடி உயரத்துக்குள் விமானம் சரியான வேகத்தில், சரியான சரிவில் நிலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறங்கக் கூடாது. இது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. ஆனால் பன்னாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று ஆராய்ந்து பார்த்ததில், இப்படி நிலைக்காமல் வரும் விமானங்களில் நூற்றுக்கு மூன்றுதான் மேலே எழும்புகின்றனவாம். மற்றவை எப்படியோ சமாளித்து இறங்கிவிடுகின்றன. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்புதான் காரணம்.

அந்த நினைப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு சாட்சி உண்டு. 2010 மே 22, மங்களூர். குன்றின்மேல் அமைந்த ஓடுபாதை, 8,000 அடி. துபாயிலிருந்து வந்த விமானம் அதில் 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. துணை விமானி மூன்று தடவை, மேலே போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார். தலைமை விமானி கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் மட்டும் தப்பினார்கள்.

அடுத்தது 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதுவும் குன்றின்மேல். கொட்டும் மழை. முதல் தடவை இறங்க முடியாமல் விமானம் சரியாகவே மேலே போனது. இரண்டாம் தடவை ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து வந்தது. அந்தத் திசையில் காற்று முதுகுப் பக்கம் அடித்துத் தள்ளியது. வேறொரு விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதைத் திசையை அவசரமாக மாற்றினார்கள், ஈரமான பாதையில் பின்காற்றோடு இறங்க வரும் விமானத்துக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை என்று கோபுரத்தின்மேல் விசாரணை அறிக்கை குறை சொன்னது. பாதி ஓடுபாதை தாண்டித்தான் விமானம் தரையைத் தொட்டது. இங்கேயும் துணை விமானி மேலே போகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த ஊரிலிருந்து இன்னொரு விமானம் ஓட்ட வேண்டும், எப்படியாவது அங்கே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் தலைமை விமானிக்கு இருந்திருக்கலாம் என்றும் அறிக்கை சொல்கிறது. 21 பேர் இறந்தார்கள்.

எனக்கு மனசு கனத்தது. டெனரிஃப்பில் என்ஜினீயர் சந்தேகப்பட்டார். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் துணை விமானி சொன்னார். மூன்று இடத்திலும் சின்னவர் சொல்லைப் பெரியவர் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பயிற்சியில், யார் வாயிலிருந்து "மேலே போ" என்று வந்தாலும் மறுபேச்சில்லாமல் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலே போனதற்காக விமானியைத் தண்டிக்கக் கூடாது என்பதும் இன்று பரவலாக ஏற்ற கொள்கை.

சென்னையிலேயே 2024 நவம்பர் 30, பெங்கல் புயல் அன்று, மும்பையிலிருந்து வந்த விமானம் தரையைத் தொடப்போய் ஆடி அசைந்து மறுபடி எழும்பியதை எல்லோரும் செல்போனில் பார்த்துப் பதறினோம். 2025 ஆகஸ்ட் 10-ல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வந்த விமானமும் சென்னையில் இறங்க வந்து மேலே போனது. ஓடுபாதையில் வேறு விமானம் இருந்ததா இல்லையா என்று பிறகு வாக்குவாதம் நடந்தது. ஆனால் இரண்டு விமானத்திலும் வந்தவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதுதானே வேண்டும்!

பிரயாணம் போகும் சகோதரிகளுக்கு

அண்ணா சொன்னதையும், டாக்டரம்மாவிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விமானம் சட்டென்று மேலே எழும்பினால் பயப்படாதீர்கள். என்ஜின் சத்தம் கூடும், சக்கரம் உள்ளே போகும் சத்தம் கேட்கும், வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். விமானி சில நிமிஷம் எதுவும் பேச மாட்டார். அவருக்கு அப்போது கை நிறைய வேலை. மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள்.

அந்த நேரத்தில் எழுந்து நிற்கவே கூடாது. பணிப்பெண்களைத் திட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் இருப்பது நம் உயிரைக் காக்க.

கர்ப்பிணிகள் பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். எத்தனை மாதம் வரை ஏற்றுவார்கள், எப்போதிலிருந்து டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்பலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் காது வலி குறையும். மாத்திரை மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். முக்கால் மணி தாமதம் ஆனாலும் சர்க்கரை நோயாளிக்குச் சிரமம் வரக் கூடாது.

உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் வெளியேறும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆபத்தில் இறங்கச் சொன்னால் பெட்டியை மறந்துவிடுங்கள். நகை வாங்கிக்கொள்ளலாம், உயிரை வாங்க முடியாது.

விமானத்தில் ஏறாதவர்களுக்கும் பங்கு உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோ மீட்டருக்குள் குப்பையோ இறைச்சிக் கழிவோ பறவை கூடும்படி கொட்டுவது சட்டப்படி குற்றம். அந்தக் குப்பைக்கு வரும் பருந்துதான் என்ஜினில் அடிபடுகிறது. 2025-ல் பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும் விமானத்தின்மேல் யாரோ லேசர் ஒளி அடித்தார்கள். விமானியின் கண் கூசினால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் குடியிருக்கும் தாய்மார்கள் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அண்ணா கிளம்பும்போது என் மாமியார், "அந்தக் கோபுரத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க வேளைக்குச் சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார். முறை போட்டுக்கொண்டு ராப்பகலாகக் கண்விழிக்கிறார்கள், இடையில் ஓய்வு கட்டாயம் உண்டு, பெண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார் அண்ணா. அத்தை தலையாட்டிக்கொண்டார்.

அன்று முக்கால் மணி தாமதத்தில் என் சமையல் ஆறிப்போனது. திரும்பச் சுட வைத்தேன், அவ்வளவுதான். பெண் வளையல் குலுங்க ஊஞ்சலில் படுத்திருக்கிறாள். அவள் ஊருக்குத் திரும்புவதற்கு விமான டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பது என் மாமியார்!